உள்ளே எதுவும் இல்லாத அணு

அரியலூர் பஸ் குன்னத்தைத் தாண்டியது. முன் சீட்டில் இரண்டு ஆராய்ச்சி மாணவிகள்.

“உள்ள இருக்கறத எடுத்துட்டாலும் வெளிய வித்தியாசமே தெரியாதுடி.”

“யாருக்கு, நம்ம சாருக்கா?”

“அணுவுக்கு. நடுவுல இருக்கறத எடுத்துட்டு, கம்ப்யூட்டர்ல அதே மாதிரி நடிக்கிற ஃபைல் ஒண்ணு வப்போம், இரும்புக்கு ஒண்ணு, கோபால்ட்டுக்கு ஒண்ணுனு. அத வச்சு தானா கணக்குப் போடும்.”

“அதுக்கென்ன இப்ப?”

“கோபால்ட்டுனு பேரு போட்ட ஃபைல்லயும் இரும்புதான் இருந்திருக்கு. மாசக்கணக்கா ஓடியிருக்கு. என் தீசிஸே அந்தக் கணக்குதான்.”

“எப்புடி கண்டுபிடிச்ச?”

“ஒரு எரர்கூட வரல. இரும்ப எடுத்துட்டு கோபால்ட்ட போட்டாலும் அதே பதில். அப்பதான் பயம் வந்துச்சு.”

என் போன் அதிர்ந்தது. ஹாஸ்டலிலிருந்து மகள்: ‘சாப்டேன்பா. நல்லா இருக்கேன்.’

பழைய செய்திகளை மேலே தள்ளிப் பார்த்தேன். எல்லா நாளும் அதே வரி.