ஸ்தானா வீட்டு வைக்கோல்

மாலை ஐந்தேகால் மணி. நடுராத்திரிக் கதை கேட்க வந்தவர்கள் மன்னிக்க வேண்டும்... ஜனவரி ஆறாம் தேதி எங்கள் மலைப்பக்கத்தில் ஐந்தேகாலுக்கே பக்கத்தில் நிற்பவர் முகம் தெரியாது. வால்யேவோ பேருந்து மூன்று பேரைப் பெரிய சாலையில் இறக்கிவிட்டுப் போய்விட்டது. அங்கிருந்து வீட்டுக்கு ஒன்றரை கிலோமீட்டர். கணுக்கால் வரை பனி. விளக்கு இல்லை. வேறு ஆள் இல்லை.

அந்த வால்நட் உடைப்பதைக் கொஞ்சம் நிறுத்துங்கள். இந்தக் கதைக்கு அந்தச் சத்தம் ஆகாது.

இது என் தோழி ஸ்மில்யாவின் ஓரகத்திக்கு நடந்தது. பெயர் நெவென்கா. பேய் பிசாசு என்றால் சிரிக்கிறவள். அன்று சிரிக்கிற நிலையில் இல்லை. காலையிலிருந்து எல்லாமே கோணல். மீன் கடையில் ஒன்றேகால் மணி நேரம் வரிசை. மகள் துன்யாவுக்குப் பதினொரு வயது, தோழிகள் எல்லாரும் ஊருக்குள் வெடி வெடித்துக் கொண்டாடும்போது தன்னை மட்டும் காட்டுக்கு இழுத்துப் போவதாக மூஞ்சியைத் தூக்கி வைத்திருந்தாள். மகன் ரெல்யாவுக்கு ஏழு வயது. அவனுக்கு வெடி வாங்கித் தரவில்லை. பேருந்தில் நாற்பது நிமிடம் முன்சீட்டை உதைத்துக்கொண்டே வந்தான்.

இதெல்லாம் போதாதென்று கணவன் மிலென்தியேயின் போன். லாரி ஓட்டுகிறவன்.

"எல்லையில வண்டி நகரவே மாட்டேங்குது. ரெண்டு மூணு நாள் ஆகும் போல."

"அப்போ வைக்கோல்?"

"வித்தோயே கிழவர்கிட்ட சொல்லணும்னு நெனச்சேன்..."

"நெனச்சியா? நல்லா நெனச்ச போ!"

வைக்கோல் கொண்டுவருவது வீட்டு ஆணின் வேலை. எங்கள் பழைய நாட்காட்டிப்படி ஜனவரி ஏழுதான் கிறிஸ்துமஸ். அதற்கு முந்தின மாலை அவன் வைக்கோலைச் சுமந்து, தாய்க்கோழி மாதிரி கொக்கரித்துக்கொண்டு வீட்டுக்குள் வர வேண்டும். பிள்ளைகள் குஞ்சுகள் மாதிரி கத்திக்கொண்டு பின்னால் வர வேண்டும். வைக்கோல் தரையில் படும்வரை சுமப்பவர் திரும்பிப் பார்க்கக் கூடாது. பிறகு மேசைக்கடியில் அதைப் பரப்பி, வால்நட்டும் மிட்டாயும் எறிந்தால் பிள்ளைகள் தவழ்ந்து பொறுக்குவார்கள். போன வருடமும் அவன் எல்லையில்தான் இருந்தான். அதற்கு முந்தின வருடமும். இந்த வருடமாவது பிள்ளைகளுக்கு இதை ஒழுங்காகச் செய்து காட்டிவிட வேண்டும் என்று நெவென்காவுக்குப் பிடிவாதம். வீடு என்று ஒன்று இருக்கிறது, அதில் தான் ஒருத்தி மட்டும் கிடந்து மாரடிக்கவில்லை என்று அவளுக்கே ஒரு தடவை தோன்ற வேண்டியிருந்தது.

வழியில் முதலில் வந்த வித்தோயே கிழவர் வீட்டில் விளக்கு இல்லை. டிராக்டரும் இல்லை. மூவரும் நடந்தார்கள்.

பாதி வழியில் ஒரு வளைவு. அங்கே ஸ்தானா வீடு. கூரை ஒரு பக்கம் உட்கார்ந்துவிட்ட வீடு. ஸ்தானா என்று ஒருத்தி இருந்தாளாம், அதற்கு மேல் அந்த ஊரில் யாரும் பேசுவதில்லை. முப்பது வருடமாகப் பூட்டு. ஆனால் கொட்டகையின் கதவு திறந்திருந்தது. உள்ளே வைக்கோல்.

"இங்கேயே நில்லுங்க. வந்துடறேன்."

நெவென்கா போய் இரண்டு கை நிறைய அள்ளினாள். காய்ந்து, மொறுமொறுவென்று, ஆகஸ்டு வெயில் மணத்தோடு இருந்தது. கொஞ்சம் சூடாகக்கூட. முப்பது வருடம் ஆள் இல்லாத வீட்டில் புது வைக்கோல் எங்கிருந்து வந்தது என்று அவளுக்குத் தோன்றவில்லை. ஒரு வேலை முடிந்தது என்றுதான் தோன்றியது.

திரும்பி வந்தால், துன்யா பாதையோரக் கல்லில் உட்கார்ந்து போனை நோண்டிக்கொண்டிருந்தாள். ரெல்யா பனியில் கால் நீட்டிப் படுத்திருந்தான்.

"எழுந்திரு. நான் கொக்கரிப்பேன், நீங்க குஞ்சு மாதிரி கத்திக்கிட்டு வரணும்."

"அய்யே... நான் என்ன குழந்தையா?" என்றாள் துன்யா.

"பூட்ஸுக்குள்ள பனி போயிடுச்சு. தூக்கிக்கோ," என்றான் ரெல்யா.

"ரெண்டு கையிலயும் வைக்கோலு, தோள்ல மீனு. எங்கடா தூக்குறது, தலையிலயா?"

"அப்போ நான் வரல."

நெவென்கா காலையிலிருந்து விழுங்கி விழுங்கி வைத்ததெல்லாம் ஒரே மூச்சில் வெளியே வந்தது.

"வராதீங்க! இங்கேயே கிடங்க! நான் கூப்பிட்டுக்கிட்டே போவேன். யாரு பின்னாடி வர்றாங்களோ அவங்கதான் என் புள்ளைங்க. கேட்டுச்சா? வர்றவங்க வரட்டும்!"

சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தாள். கோபத்திலேயே கொக்கரித்தாள்.

கொக்... கொக்... கொக்...

இருபது அடி. பின்னால் ஒன்றுமில்லை. முப்பது அடி...

பியூ.

சின்னக் குரல். வெட்கப்பட்டது மாதிரி. அடுத்து இன்னொன்று, கொஞ்சம் கனமாக. பியூ... பியூ...

வந்துவிட்டார்கள். நெவென்காவுக்குச் சிரிப்பு வந்தது, கண்ணில் தண்ணீரும் வந்தது. திரும்பிப் பார்க்கவில்லை. வழக்கமும் தடுத்தது, வீம்பும் தடுத்தது. அவள் கொக்கரிக்க, அவர்கள் கத்த, மூவருமாகப் போனார்கள். அவள் பூட்ஸ் பனியை மிதிக்கும் சத்தம் கேட்டது. கரக்... கரக்... அது ஒன்றுதான் கேட்டது. அதைப் பிற்பாடு படுக்கையில்தான் யோசித்தாள்.

வீடு. காலால் கதவைத் தள்ளினாள். விளக்குப் போடக் கூடாது, மெழுகுவர்த்திதான். "கதவைச் சாத்து ரெல்யா," என்றாள் திரும்பாமலே. கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டது. பிறந்ததிலிருந்து ரெல்யா ஒரு கதவையும் அறையாமல் சாத்தியதில்லை. ஊர் முழுக்கத் தெரியும். பையன் திருந்திவிட்டான் என்று நினைத்துக்கொண்டாள்.

மேசையை மூன்று சுற்று சுற்றினாள். பின்னாலேயே பியூ, பியூ. வைக்கோலை மேசைக்கடியில் பரப்பினாள். பையிலிருந்து வால்நட் எடுத்து நான்கு மூலைக்கும் ஒவ்வொன்று எறிந்தாள். அது செத்தவர்களுக்கு. பிள்ளைகள் தொடக் கூடாது. மீதியை வைக்கோலுக்குள் கொட்டினாள். உடனே சரசரவென்று சத்தம். மேசைத்துணி தரைவரை தொங்கியதால் ஆள் தெரியவில்லை. சின்னக் கைகள் வைக்கோலைக் கிளறுவது மட்டும் கேட்டது.

அவள் அடுப்புப் பக்கம் திரும்பிப் பற்றவைத்து, பீன்ஸை ஏற்றிக் கிளறினாள். முதுகைக் காட்டிக்கொண்டு பேசுவது சுலபமாக இருந்தது.

"அம்மா கோபத்துல கத்திட்டேன்டா. மனசுல வச்சுக்காதீங்க. அப்பா எப்பவும் இல்ல... எல்லாத்தையும் நான் ஒருத்தியே... எனக்கு முடியல கண்ணுங்களா. ஆனா உங்கள விட்டா எனக்கு யாரு இருக்கா? வாங்க, எங்கிட்ட வாங்க."

பல வருடமாகச் சொல்ல நினைத்தது அது. சொன்னதும் நெஞ்சு லேசானது. மேசைக்கடியிலிருந்து பதில் வந்தது. நிறைந்த வயிற்றோடு தூங்கப்போகும் குஞ்சின் சத்தம். பியூ...

அடுத்து, கடக்... கடக்... வால்நட் ஓடு உடையும் சத்தம். சுத்தியல் அடுப்பு மேடையில், அவள் கைக்குப் பக்கத்தில் இருந்தது. அதை அவள் பார்த்துக்கொண்டிருந்தபோது கதவை யாரோ இடித்தார்கள்.

ஜன்னலில் டிராக்டர் வெளிச்சம். வாசலில் வித்தோயே கிழவர். இடது கையில் துன்யா. வலது கையில் ரெல்யா. இருவருக்கும் உதடு நீலம்.

"ஏம்மா, உனக்கு மூளை கீளை இருக்கா? இந்தக் குளிர்ல புள்ளைங்கள வளைவுல உக்கார வச்சுட்டு வந்திருக்க!"

நெவென்கா கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது.

"நாங்க கத்தினோம். நீ திரும்பியே பாக்கல," என்றாள் துன்யா.

ரெல்யா அம்மாவைப் பார்க்கவேயில்லை. தரையைப் பார்த்துச் சொன்னான்:

"உன் பின்னாடிதான் ரெண்டு பேரு போனாங்களே. அவங்கள கூட்டிட்டுப் போயிட்ட."

கிழவர் மேசைத்துணியைத் தூக்கினார். யாரும் இல்லை. வால்நட்டும் இல்லை. வெறும் ஓடு. நான்கு மூலையிலும் வெறும் ஓடு. வைக்கோலில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு குழிகள், கோழி உட்கார்ந்து எழுந்த இடம் மாதிரி. நெவென்கா கை வைத்துப் பார்த்தாள். சூடாக இருந்தது.

"எங்கேர்ந்து எடுத்த இந்த வைக்கோல?"

சொன்னாள். கிழவர் தொப்பியைக் கழற்றினார். ஊற்றி வைத்த பிளம் சாராயத்தைத் தொடவில்லை. அவர் சாராயத்தைத் தொடாமல் எழுந்துபோனது அந்த ஒரு தடவைதான் என்று ஊரில் இன்றும் சொல்கிறார்கள்.

"இப்போ வெளிய எடுக்காத. மூணாம் நாள் எடுக்கிறதுதானே முறை? அன்னிக்கு எடுத்த இடத்துலயே கொண்டுபோய் வை. பகல்ல போ. திரும்பிப் பாக்காத."

மூன்று நாள். அதைப்போல நீளமான மூன்று நாள் அவள் வாழ்க்கையில் இல்லை. துன்யா பேசவில்லை. ரெல்யாவுக்குக் காய்ச்சல். நெவென்கா கஞ்சி கொடுத்தாள், காலுறை மாற்றினாள், நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். மன்னிப்பு மட்டும் கேட்கவில்லை. ஒவ்வொரு தடவையும் வாயைத் திறந்தாள். ஒவ்வொரு தடவையும் ரெல்யா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தான், துன்யா எழுந்து அறைக்குள் போனாள், அவளுக்குச் சுர்ரென்று ஏறியது. நான் மட்டும் என்ன வேண்டுமென்றா செய்தேன்? அந்த வார்த்தைகளை ஏற்கெனவே ஒரு தடவை சொல்லித் தீர்த்துவிட்ட மாதிரி நாக்கு எழவில்லை. ராத்திரியில் மேசைக்கடியில் சரசரத்தது. அவள் தலையணையைக் காதில் அழுத்திக்கொண்டாள்.

மூன்றாம் நாள் காலையிலேயே போயிருப்பாள். ரெல்யாவின் காய்ச்சல் ஏறிவிட்டது. இறங்கியபோது மணி நாலரை. வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. விட்டால் இன்னொரு ராத்திரி.

"கதவைப் பூட்டிக்கோ. யாரு கூப்பிட்டாலும் திறக்காத," என்றாள் துன்யாவிடம்.

வைக்கோலை அள்ளினாள். வாசலைத் தாண்டியதும் கொக்கரித்தாள். கொக்... கொக்... பின்னாலேயே இரண்டும் வந்தன. பியூ... பியூ... அழுகிற மாதிரி. பாவமாகக்கூட இருந்தது அவளுக்கு. கொட்டகையில் வைக்கோலைக் கொட்டினாள். ஒரு பிடி வால்நட் வைத்தாள். சத்தம் நின்றது.

அப்பாடா என்று வெளியே வந்து பத்தடி நடந்திருப்பாள்.

கொக்... கொக்... கொக்...

கொட்டகைக்குள்ளிருந்து. பிறகு பேச்சு. நெவென்காவின் சொந்தக் குரல்.

"அம்மா கோபத்துல கத்திட்டேன்டா. மனசுல வச்சுக்காதீங்க..."

ஒரு எழுத்து மாறவில்லை. உரக்க, பள்ளத்தாக்கு முழுக்க.

"உங்கள விட்டா எனக்கு யாரு இருக்கா? வாங்க, எங்கிட்ட வாங்க."

அவள் வீட்டுப் பக்கம் கதவு படாரென்று அறையும் சத்தம். ரெல்யா. பாதையில் இரண்டு உருவங்கள் வெறுங்காலோடு ஓடி வந்தன. அன்று குஞ்சு மாதிரி கத்த மாட்டேன் என்றவர்கள் இன்று கத்திக்கொண்டு வந்தார்கள். பியூ! பியூ! அவள் கையை விரித்து மறித்தாள். கைக்கடியில் புகுந்து ஓடிவிட்டார்கள். "நான் இங்க இருக்கேன்டா! நான்தான்டா அம்மா!" திரும்பிப் பார்க்கவில்லை அவர்கள்.

பின்னாலேயே ஓடினாள். கொட்டகைக்குள் ஒன்றும் தெரியவில்லை. ஆகஸ்டு வெயில் மணம் மட்டும். இருட்டுக்குள் கையை விட்டுத் துழாவினாள். ஒரு சின்னக் கை அகப்பட்டது. இன்னொன்றும் அகப்பட்டது. பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினாள். இரண்டும் முரண்டு பிடிக்காமல் வந்தன. கை வெதுவெதுப்பாக இருந்தது. பனியில் வெறுங்காலோடு ஓடிய பிள்ளைகளின் கை.

வீடு வரை அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

உள்ளே வந்து எல்லா விளக்கையும் போட்டாள். துன்யா. ரெல்யா. புருவத்தில் தழும்பு, விழுந்த பல், எல்லாம் சரி. காய்ச்சலும் இல்லை. இரவு பத்து மணிக்கு மிலென்தியே வந்து சேர்ந்தான். பிள்ளைகள் மேசையில் சாப்பிட்டு, தட்டைக் கழுவி வைத்ததைப் பார்த்து அவனுக்குப் பெருமை.

"நல்லா வளத்திருக்க நெவென்கா. சண்டையே போடல பாரேன்."

அவள் அன்று பிள்ளைகளுக்கு நடுவில் படுத்தாள். இருவரையும் இறுக்கி அணைத்துக்கொண்டாள். மூன்று நாளாக வராத வார்த்தை ஒருவழியாக வந்தது.

"அம்மா உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அன்னிக்கு கோபத்துல..."

"அதான் அன்னிக்கே சொல்லிட்டியேம்மா," என்றான் ரெல்யா தூக்கக் கலக்கத்தில். "நாங்க மேசைக்கடியில வால்நட் தின்னுக்கிட்டு இருந்தப்போ."

பிறகு தண்ணீர் குடிக்க எழுந்து போனான். போகும்போது கதவை மெதுவாகச் சாத்தினான்.