கிணற்று மோட்டாரின் மாதக் கட்டணம்

உங்கள் போனிலும் ஏதாவது ஒரு செயலிக்கு மாதாமாதம் பணம் போய்க்கொண்டுதான் இருக்கும், மேடம். யாரைக் கேட்டாலும் என் போனில் அப்படி ஒன்றும் இல்லை என்பார்கள். வாங்கிப் பார்த்தால் குறைந்தது இரண்டு இருக்கும். முதல் மாதம் இலவசம் என்று போட்டிருப்பான், நாமும் சும்மாதானே என்று அமுக்கியிருப்போம், அடுத்த மாதத்திலிருந்து கமுக்கமாகக் கை வைக்க ஆரம்பித்துவிடுவான். செயலியைப் போனிலிருந்து அழித்துவிட்டால் பிடித்தம் நின்றுவிடும் என்று முக்கால்வாசிப் பேர் நினைக்கிறார்கள். அழித்தால் படம்தான் போகும். உள்ளே போய்ச் சந்தாவை ரத்து செய்ய வேண்டும், வங்கிச் செயலிக்குள் போய் ஆட்டோபேயையும் ரத்து செய்ய வேண்டும். அதற்குப் பிறகும் கட்டிய பணத்துக்கான நாள் தீரும்வரை செயலி ஓடிக்கொண்டிருக்கும், பயப்பட வேண்டாம். கடைக்கு வருகிற எல்லோரிடமும் நான் இதைச் சொல்லித்தான் அனுப்புவேன்.

பெரம்பலூர் பழைய பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கிற செல்போன் கடை என்னுடையது. குருநாதன் கடை என்றால் ஆட்டோக்காரர்கள் காட்டுவார்கள். சிறுவாச்சூரிலிருந்து சின்னப்பிள்ளை என்று ஓர் அம்மா வந்தார். நூறு நாள் வேலைக் கூலி கணக்கில் ஏறினவுடனே குறைகிறது, மருமகள்தான் எடுக்கிறாள் என்று அவளோடு பேச்சையே நிறுத்தியிருந்தார். பார்த்தால், பேரப்பிள்ளைக்குக் கார்ட்டூன் காட்ட யாரோ ஒரு செயலியை ஏற்றிக் கொடுத்திருக்கிறார்கள். நிறுத்திக் கொடுத்தேன். "மருமவள வாய்க்கு வந்தபடி பேசிட்டனே சாமி" என்று என் கடை வாசலில் உட்கார்ந்து அழுதார். நான் அவரிடம் கூலி வாங்கவில்லை. நான் எப்படிப்பட்ட ஆள் என்று நீங்கள் எழுதும்போது இதையும் சேர்த்து எழுதினால் நன்றாக இருக்கும்.

என் அண்ணன் செல்லப்பன் கிணற்றில் மின்சாரம் பாய்ந்து செத்தது பற்றித்தானே ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டுக் கேட்கிறீர்கள். வருகிறேன். இதைச் சொல்லாமல் அதைச் சொன்னால் உங்களுக்குப் புரியாது.

செட்டிகுளத்தில் எங்களுக்குப் பங்குக் கிணறு. அப்பாவுக்குப் பிறகு நிலத்தைப் பிரித்துக்கொண்டோம், கிணற்றை எப்படிப் பிரிப்பது? ஒரு நாள் அண்ணன் முறை, மறுநாள் என் முறை. இரண்டு பேருக்கும் சின்ன வெங்காயம்தான். நான் குடும்பத்தோடு பெரம்பலூரில் இருக்கிறேன். என் முறை நாளில் விடிந்ததும் பைக்கை எடுத்துக்கொண்டு போய், முடிந்தவரை தண்ணீர் கட்டிவிட்டு, மோட்டாரை நிறுத்திவிட்டு, கடை திறக்க ஓடி வந்துவிடுவேன்.

போன வருடம் மோட்டாருக்கு மொபைல் ஸ்டார்ட்டர் போட்டோம். பெட்டிக்குள் ஒரு சிம் இருக்கும். வீட்டில் இருந்தபடியே போனில் மோட்டாரைப் போடலாம், நிறுத்தலாம். கிணற்றில் இறங்கி வேலை பார்ப்பதென்றால், கரண்ட் வந்தாலும் மோட்டார் ஓடாதபடி போனிலேயே பூட்டுப் போட்டு வைக்கலாம். இதற்கு மாதக் கட்டணம். பணம் அண்ணன் கணக்கிலிருந்து ஆட்டோபேயில் போகும். செயலி இரண்டு பேர் போனிலும் இருக்கும், அதன் கணக்கு மட்டும் என் மின்னஞ்சலில், என் பெயரில். அண்ணனுக்கு மின்னஞ்சல் ஏது? எங்கள் பக்கம் பல வீடுகளில் இப்படித்தான், பணம் ஒருவருடையது, பாஸ்வேர்டு இன்னொருவருடையது. ஸ்டார்ட்டர் மாட்ட வந்தவர், "மாசப் பணம் நின்னுபோச்சுன்னா பூட்டெல்லாம் வேலை செய்யாதுங்க. ஆட்டோவுக்குப் போயிடும். கரண்டு வந்ததும் மோட்டார் தானா ஓடும், பாத்துக்கங்க" என்றார். அண்ணன் அப்போது அவருக்கு டீ வாங்கப் போயிருந்தார். கேட்டது நான் மட்டும்தான்.

முன்பெல்லாம் அண்ணன் கிணற்றில் இறங்குவதென்றால் கரண்ட் வராமல் இருக்க பீஸ் கட்டையைப் பிடுங்கி மடியில் கட்டிக்கொண்டுதான் இறங்குவார். பூட்டு வந்த பிறகு அந்தப் பழக்கம் விட்டுப்போயிற்று. முந்தின நாள் சாயங்காலமே போனில் பூட்டைப் போட்டுவிட்டுக் காலையில் எழுந்ததும் நேராக இறங்கிவிடுவார். "பீசப் புடுங்கிட்டு எறங்குண்ணே" என்று நானே சொல்லியிருக்கிறேன். "அதான் பூட்டு இருக்குல்லடா, அப்பறம் என்ன" என்றார். நான் சொன்னேன் என்பதை எழுதிக்கொள்ளுங்கள்.

மோட்டார் எப்போது ஓடினாலும் என் போனுக்கு ஒரு செய்தி வரும். இந்தப் போகத்தில்தான் அதைக் கவனித்தேன். என் முறை நாளில் தண்ணீர் கட்டிவிட்டு வந்து ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருப்பேன், சட்டைப்பையில் போன் அதிரும். மோட்டார் ஓடத் தொடங்கியது. என் முறை, என் தண்ணீர், நான் போடாத மோட்டார். முதல் தடவை ஏதோ அவசரம் போல என்று விட்டேன். அப்புறம் என் முறை வருகிற நாளெல்லாம் அப்படியே நடந்தது. நான் ஊர் எல்லையைத் தாண்டட்டும் என்று காத்திருந்து போடுவது போல இருந்தது.

வாய்விட்டுக் கேட்டேன், கேட்காமல் இல்லை. "நான் வந்தப்பறம் மோட்டார் ஓடுதேண்ணே?" என்றேன். "ஓடட்டும்டா. நான் பாத்துக்கறேன், நீ நிம்மதியா கடையப் பாரு" என்றார். நிம்மதியாக இரு என்று ஒருவர் சொன்னால்தான் எனக்குச் சந்தேகம் வரும். மறைக்க ஒன்றுமில்லாத ஆள் ஒரு நாளும் அப்படிப் பேசமாட்டார். என் மனைவி ஜெயசித்ராவிடம் சொன்னேன். "ஒரு தடவ கடைய லேட்டா தொறந்துட்டு, அங்கயே நின்னு பாத்துட்டு வந்துடுங்களேன்" என்றாள். நாம் நிற்கிற அன்றைக்கு எடுக்கிறவன் எடுப்பானா? அவளுக்கு இதெல்லாம் தெரியாது.

அப்புறம் எல்லாமே ஒன்றோடொன்று பொருந்திப் போயிற்று. அண்ணன் காட்டு வெங்காயத் தாள் நல்ல கரும்பச்சையாக நின்றது. எப்படி நிற்காது? அண்ணி மலர்கொடி எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் ஒரு பை காய் கொண்டுவந்தார்கள். எதற்கு? பொங்கலுக்கு அண்ணன் என் பிள்ளைக்குத் துணி எடுத்துக்கொண்டு வந்தார். வருடா வருடம் எடுப்பதுதான், ஆனால் இந்த வருடம் விலை கூடுதலான துணி. நெஞ்சு குறுகுறுக்கிறவன் செய்கிற வேலை இது என்று எனக்குப் பட்டது. பெரிதாக ஒரே நாளில் எடுத்தால் சண்டை போட்டுத் தீர்த்துக்கொள்ளலாம். கொஞ்சம் கொஞ்சமாக, சிரித்துக்கொண்டே, மாதாமாதம் எடுக்கிறவனை என்ன செய்வது? என் தொழிலில் அதற்கு ஒரே வழிதான். எங்கேயிருந்து எடுக்கிறானோ அதை நிறுத்த வேண்டும்.

அதனால் ஸ்டார்ட்டர் செயலியின் சந்தாவை ரத்து செய்தேன். போன் வசதி இல்லாவிட்டால் நான் கிளம்பின பிறகு நினைத்த நேரத்துக்கு மோட்டாரைப் போட முடியாது, அவ்வளவுதான் என் எண்ணம். ரத்து செய்யும்போது திரையில் ஓர் எச்சரிக்கை வந்தது. சந்தா முடியும் நாளோடு தொலைபூட்டு விலகும், மோட்டார் தானாக ஓடும் நிலைக்குத் திரும்பும் என்று ஆங்கிலத்தில் போட்டிருந்தது. எனக்கு அந்த அளவு ஆங்கிலம் தெரியும். ரத்து செய்யக் காரணம் என்ன என்று கேட்டது. தேவையில்லை என்பதைத் தொட்டேன்.

இந்த நிறுவனம் ஆட்டோபேயையும் தானே ரத்து செய்துவிடும், அந்தச் செய்தி அண்ணன் போனுக்குத்தான் போகும். இரண்டு நாள் கழித்துக் கூப்பிட்டார். "ஏதோ ஆட்டோபே ரத்துன்னு மெசேஜ் வந்திருக்காம். ஒங்க அண்ணி படிச்சிட்டு பயந்துகிட்டு இருக்கா" என்றார்.

"தேவையில்லாம ஒண்ணு ஓடிக்கிட்டு இருந்துச்சுண்ணே. நான்தான் நிறுத்தினேன்" என்றேன்.

"நல்லதாப் போச்சு. நீ இருக்கற தைரியத்துலதான்டா நான் இந்தப் போனையே வெச்சிருக்கேன்" என்றார்.

சரி என்று போனை வைத்தேன். அன்றைக்கும் என் முறை நாள்தான், காலையில் மோட்டார் ஓடியிருந்தது. திருடுகிற வாயால் என்னைப் புகழ்கிறாரே என்றுதான் பட்டது.

நான் செய்தது அவ்வளவுதான் என்று முதல் நாள் உங்களிடம் சொன்னேன். அது பொய்யில்லை, கொஞ்சம் குறைவு. சந்தா எந்த நாளோடு முடிகிறது என்று எனக்குத் தெரியும். யாருக்கு எப்போது முடிகிறது என்று பார்த்துச் சொல்வதுதானே என் வேலை. முடிகிற அன்று சாயங்காலம் அண்ணனைக் கூப்பிட்டேன். "மோட்டார் இழுத்து இழுத்து ஓடுதுண்ணே, கேபிள் ஜாயிண்டுல தண்ணி எறங்குதுன்னு நெனைக்கறேன்" என்றேன். "அப்படியா, பூட்டு போட்டுடறேன். காலையில மொத வேலையா எறங்கிப் பாத்துடறேன்" என்றார். நான் அவரை இறங்கச் சொல்லவில்லை. இழுத்து ஓடுகிறது என்று மட்டும்தான் சொன்னேன். பீஸ் கட்டையைப் பற்றி அன்றைக்கு நான் ஒன்றும் பேசவில்லை, அதுவும் உண்மை.

மறுநாள் காலையில் கடையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தேன். போன் அதிரவில்லை. சந்தாதான் முடிந்துவிட்டதே, செய்தி எப்படி வரும்? அண்ணிதான் கூப்பிட்டார்கள். "தம்பி, ஒங்க அண்ணன் கெணத்துல கெடக்கறாருங்க தம்பி. கூப்புட்டா பேச மாட்டங்கறாரு, ஓடி வாங்க" என்றார்கள். போனேன். ஜாயிண்டைப் பிரித்துக் கையில் வைத்திருந்தபோது கரண்ட் வந்திருக்கிறது. மோட்டார் தானாக எடுத்திருக்கிறது. மேலே தூக்கியவர்களில் நானும் ஒருவன். என் கையில் அண்ணன் தலை இருந்தது. ஊர் ஜனம் என்னைத்தான் தேற்றினார்கள். எனக்கு நிஜமாகவே அழுகை வந்தது, மேடம். அதை நடிப்பு என்று எழுதாதீர்கள்.

காரியத்துக்கு மறுநாள் அண்ணி என்னிடம் வந்தார்கள். அழுது ஓய்ந்த முகம். "பூட்டு போட்டுட்டுதான் எறங்குனாரு, தம்பி. நான் பக்கத்துல இருந்தேன். பூட்டு எப்படி அவுந்துச்சு?" என்று கேட்டார்கள். மிஷின்தானே அண்ணி, என்ன சொல்ல முடியும் என்றேன். அதற்கு அண்ணி, "தேவையில்லாம ஓடுதுன்னு ஒண்ண நிறுத்துனீங்களே, அது என்னா?" என்றார்கள். அண்ணன் போனைக் கொண்டுவந்து உங்களிடம் கொடுத்தது அவர்கள்தான் என்று எனக்குத் தெரியும். எனக்கு வருத்தமில்லை.

அன்றைக்கு அண்ணி போவதற்கு முன் இன்னொன்றும் சொன்னார்கள். "நீங்க அவசரத்துல பாதிக் காட்டுக்குத் தண்ணி கட்டிட்டு ஓடிருவீங்க. கடைசிப் பாத்தியெல்லாம் வாடிக் கெடக்குதுன்னு, நீங்க போனதும் மோட்டாரப் போட்டு ஒங்க காட்டுக்குத்தான் தம்பி மிச்சத் தண்ணியக் கட்டுவாரு. சொன்னா ஒங்களுக்குக் கூச்சமாயிரும்னு சொல்ல வேணாம்னுட்டாரு" என்றார்கள்.

அண்ணி சொல்லித்தான் எனக்கு அது தெரிந்தது என்று ஜெயசித்ராவிடம் சொல்லி அழுதேன். உங்களிடமும் அப்படியே சொல்லலாம் என்றுதான் இருந்தேன். யார் மறுக்கப்போகிறார்கள்? ஆனால் எழுதுவதென்று ஆகிவிட்டால் முழுவதும் எழுதிவிடுவது நல்லது. பாதி ரத்து செய்தால் பணம் போய்க்கொண்டேதான் இருக்கும்.

சந்தா முடிகிற அன்று மத்தியானமே நான் கடையைச் சாத்திவிட்டுச் செட்டிகுளம் போனேன். அந்த ஜாயிண்ட் தானாகக் கெடவில்லை. அதன் டேப்பைப் பிரித்து வைக்கத்தான் போனேன். அண்ணன் வீட்டு வழியாகப் போனால் பார்த்துவிடுவார்களே என்று மலைப் பக்கத்து வண்டிப் பாதையில் சுற்றிப் போனேன். அந்தப் பக்கமாக வந்தால் முதலில் என் காட்டின் கடைசிப் பாத்திகள்தான். நான் அந்தக் கோடிக்குப் போய் எத்தனையோ நாளாகியிருந்தது. பாத்தியெல்லாம் ஈரமாக இருந்தது. மண் இன்னும் தண்ணீரைக் குடித்து முடிக்கவில்லை. அன்றைக்கு என் முறை நாள், காலையில் தண்ணீர் கட்ட வந்தபோதும் நான் அந்தக் கோடிப் பக்கமே போகவில்லை. அண்ணன் மண்வெட்டி வரப்பில் கிடந்தது. சாப்பிடப் போயிருப்பார். வெங்காயம் அங்கேதான் நன்றாக இருந்தது. நான் தண்ணீர் கட்டிய இடத்தைவிட நன்றாக இருந்தது.

வரப்பில் நின்று போனை எடுத்தேன். சந்தாவை மறுபடி தொடங்க ஒரு நிமிடம் ஆகாது, கடையில் எத்தனையோ பேருக்குச் செய்து கொடுத்திருக்கிறேன். அன்றைக்கு என் பணத்திலேயே கட்டியிருக்கலாம், அண்ணனுக்குத் தெரியக்கூடத் தெரியாது. திரையில் அந்தப் பொத்தான் பச்சையாக இருந்தது. ஆனால் அதை அமுக்கினால், இந்தப் போகம் முழுக்க நான் அவரைத் திருடன் என்று நினைத்தது தப்பு என்று ஆகிவிடும். அவர் முகத்தில் முழிக்கும் ஒவ்வொரு முறையும் அது எனக்குத் தெரிந்துகொண்டே இருக்கும். அதற்கு எனக்கு மனம் வரவில்லை, மேடம். அண்ணன் திருடனாகவே இருந்துவிட்டுப் போகட்டும் என்று, போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கிணற்றுப் படியில் இறங்கினேன்.