அறுக்காத சீட் கம்பி

சங்கிலி துடைக்கப் பழைய கைலித் துணியை மிஞ்சியது எதுவும் இல்லை. பனியன் வேஸ்ட் துணி நூல் விடும். அந்த நூல் போய்ப் பல்சக்கரத்தில் சுற்றிக்கொள்ளும். உங்கள் ஸ்டேஷன் வாசலில் அந்தச் சைக்கிளைச் சாய்த்துவைத்திருக்கும் கோலத்தைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வந்தேன் சார். சங்கிலி முழுக்கப் புழுதி. யாரையாவது விட்டு ஒரு தடவை துடைக்கச் சொல்லுங்கள். அப்புறம் கேளுங்கள், சொல்கிறேன்.

என் பெயர் நிஜாம். போடியில் ஏலக்காய் வியாபாரம். கடை இன்னும் என் அத்தா நூர் முகம்மது பெயரில்தான் இருக்கிறது. முபின் என் மனைவி ஆலியாவின் தம்பி. போன சனிக்கிழமை மெட்டு மலை ரோட்டில் நடந்ததை விபத்து என்று எழுதிக்கொண்டு என்னை வீட்டுக்கு அனுப்பினீர்கள். இப்போது ஜீப்பு டிரைவர் சீனிச்சாமி வந்து வேறு ஏதோ சொல்லியிருக்கிறார். அவர் பொய் சொல்லும் ஆள் இல்லை. ஆனால் அவர் சொன்னது விளங்க வேண்டுமானால் முதலில் அந்தச் சைக்கிள் விளங்க வேண்டும்.

அது டிரையத்லான் சைக்கிள். கடலில் நீந்திக் கரையேறி, சைக்கிள் மிதித்து, கடைசியில் ஓடி முடிக்கிற போட்டிக்காகவே செய்தது. காற்றைக் கிழித்துக்கொண்டு போக வேண்டும் என்பதால், ஓட்டுகிறவன் முன்னால் குப்புறப் படுத்த மாதிரிதான் ஓட்டுவான். முழங்கை இரண்டையும் ஊன்ற இரண்டு சின்ன மெத்தை உண்டு. அதிலிருந்து முன்னால் நீளும் இரண்டு கம்பிகளைப் பிடித்துக்கொள்ள வேண்டும். பிரேக் அங்கே கிடையாது. அது பக்கவாட்டில் கொம்பு மாதிரி விரிந்திருக்கும் இன்னொரு ஹாண்டிலில் இருக்கிறது. பிரேக் பிடிக்க வேண்டுமானால் படுத்திருப்பவன் எழுந்து கையை மாற்ற வேண்டும். அளவு சரியாக இருந்தால் அது கண் இமைக்கிற வேலை.

அளவுதான் எல்லாம். ஏலக்காயையே மில்லிமீட்டர் சல்லடையில் போட்டுப் பிரிக்கிறவர்கள் நாங்கள். எட்டு மில்லி சல்லடையில் நிற்காத காயை எட்டு மில்லி என்று விற்க போடியில் எவனுக்கும் தைரியம் வராது. அந்தக் கண்ணோடுதான் நான் சைக்கிளையும் பார்த்தேன். பெங்களூரிலிருந்து அட்டைப்பெட்டியில் வந்ததை மாடியில் வைத்து நானே பூட்டினேன். கார்பன் கம்பிக்கு கிரீஸ் போடக்கூடாது, நழுவும். மணல் கலந்த மாதிரி ஒரு பசை இருக்கிறது, அதைத்தான் தடவ வேண்டும். வியர்வை உப்பு போல்ட்டைத் தின்றுவிடும் என்பதால் ஓட்டி வந்த அன்றே துடைத்துவைப்பேன். சீட்டை ஒரு மாதம் ஏற்றி இறக்கி, கடைசியில் ஒரு நாள் உட்கார்ந்தபோது சைக்கிள் இருப்பதே தெரியவில்லை. என் எலும்போடு சேர்ந்துவிட்டது. அன்றைக்கு அழுதேன். எனக்கு வெட்கமில்லை, சொல்கிறேன்.

பிறகு ஒருநாள் மலையடிவாரத்தில் முந்தல் ஊருக்குப் பக்கத்தில் மிதித்துக்கொண்டிருக்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தேன். மதுரையில் வைத்துப் பார்த்தார்கள். பிழைத்தது பெரிய காரியம் என்றார்கள். இனிமேல் நடக்கலாம், அவ்வளவுதான் என்று டாக்டர் சொன்னார். ஆலியா அல்லாஹ்வுக்கு நன்றி சொன்னாள். நான் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். எனக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. கடையில் ஏலக்காய் மூட்டை, வீட்டில் மாத்திரை. நடுவில் இருந்த ஒன்று போய்விட்டது. உயிரோடு இருக்கிறேன் என்று எல்லோரும் வந்து வந்து சந்தோஷப்பட்டார்கள். அவர்களிடம் நான் என்ன சொல்ல முடியும்?

சைக்கிள் மாடியில் சும்மா நின்றது. முபினுக்கு ஓட்டம் வரும், கொட்டகுடி ஆற்றில் வளர்ந்தவன் என்பதால் நீச்சலும் வரும். சைக்கிளை அவனுக்குக் கொடுங்கள் என்று வீட்டில் சொன்னார்கள். கொடுத்தேன். மனசாரத்தான் கொடுத்தேன். நானே அவனுக்குப் பழக்கினேன், நானே ஒவ்வொரு வாரமும் பிரித்துத் துடைத்துப் பூட்டிக் கொடுத்தேன். அவன் போட்டிக்குத் தேர்வானபோது ஊருக்கெல்லாம் மிட்டாய் கொடுத்தவன் நான்தான்.

ஒரே ஒரு சிக்கல். முபின் என்னைவிட நாலு விரல் குட்டை. சீட்டை இறக்கினேன். கொஞ்சம் இறங்கியதும் சீட் கம்பி உள்ளே அடியில் போய் முட்டிக்கொண்டது. அதற்கு மேல் இறங்க வேண்டுமானால் கம்பியின் அடியை ரம்பத்தால் அறுக்க வேண்டும். முன்னால் நீளும் கம்பிகளையும் அறுக்க வேண்டும். அந்த மாடலையே நிறுத்திவிட்டார்கள். வேறு கம்பி கிடைக்குமா என்று பெங்களூர், சென்னை, சிங்கப்பூர் வரைக்கும் விசாரித்தேன். இல்லை. அறுத்தால் அறுத்ததுதான். அதற்குப் பிறகு அந்தச் சைக்கிளில் நான் உட்கார முடியாது.

நான் அறுக்கவில்லை. போட்டி சைக்கிள் என்றால் முதலில் அப்படித்தான் இருக்கும், உடம்பு பழகிவிடும் என்று சொல்லிவிட்டேன். மச்சான் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவனும் ஓட்டினான். மிதிக்கும்போது இடுப்பு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடியது. தொடையிடுக்கில் புண் வந்தது. படுத்த நிலையிலிருந்து எழ வேண்டுமானால் முதலில் உடம்பைப் பின்னால் இழுத்து, பிறகு இடுப்பைத் தூக்கி, அதற்கப்புறம்தான் அவன் கை பிரேக்குக்கு வந்தது. என் ஜீப்பை ஓட்டிக்கொண்டு பின்னால் போய்ப் போய் அதைப் பார்த்திருக்கிறேன். எனக்குக் கண் இமைக்கிற நேரம். அவனுக்கு ஒரு வளைவே கடந்துவிடும்.

ஆலியாதான் பேச்சை எடுத்தாள். சோறு போட்டுக்கொண்டே, கோபமில்லாமல்தான் சொன்னாள்.

"அவன் நடக்கவே செரமப்படுறான். அறுத்துக் குடுத்தா என்னங்க? நீங்க இனிமே ஓட்டப் போறதில்லயே."

அவள் சொன்னதில் தப்பில்லை. நான் தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டு முடித்தேன். அதுவரைக்கும் டாக்டர் சொன்னதை நான் நம்பவில்லை என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

முபின் கோயமுத்தூரில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் பேசிவிட்டான். ஞாயிற்றுக்கிழமை சைக்கிளைக் கொண்டு போனால் அளவெடுத்து அறுத்துத் தருவார்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் படியில் அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். நான் யாரிடமும் அப்படிக் கெஞ்சியதில்லை. வேறு சைக்கிள் வாங்கித் தருகிறேன் என்றேன். போட்டிக்கு நாள் இல்லை, புதுசு பழகாது என்றான். இந்த ஒரு போட்டியை இப்படியே ஓட்டு என்றேன். அவன் சிரித்தான். நல்ல பையன், சிரித்துத்தான் பேசுவான்.

"செருப்புக்காகக் காலத் தறிக்கச் சொல்றீங்களே மச்சான்."

பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, தோளில் கை போட்டான். போட்டி முடியட்டும், உங்களைப் பின்னால் வைத்து நானே ஓட்டுகிறேன் என்றான். அந்தச் சைக்கிளில் பின்னால் உட்கார இடம் கிடையாது. அவன் வேடிக்கைக்குத்தான் சொன்னான்.

இனி சீனிச்சாமி சொன்ன ஹாரன் விஷயம். மெட்டு ரோட்டில் ஏலத் தோட்டத்து ஜீப்புகள் சாயங்காலம் வேலையாட்களை ஏற்றிக்கொண்டு வரிசையாக இறங்கும். கொண்டை ஊசி வளைவில் கீழே இருந்து என்ன வருகிறது என்று மேலே தெரியாது. அதனால் முன்னால் இறங்குகிற ஜீப்பு வளைவைத் தாண்டியதும் ஹாரன் கொடுக்கும். விட்டு விட்டு அடித்தால் வண்டி வருகிறது, நில். ஒரே நீட்டாக அடித்தால் ரோடு சும்மா கிடக்கிறது, வா. எந்தச் சட்டத்திலும் இது இல்லை. ஆனால் இந்த மலையில் அந்த ஹாரனை எவனும் பொய்யாக அடித்ததில்லை. பிரேக்கைவிட அதைத்தான் நம்புவார்கள். முபினுக்கும் அதைப் பழக்கியிருந்தேன். நான் ஜீப்பில் முன்னால் இறங்குவேன். நீட்டு ஹாரன் கேட்கிற வரைக்கும் பிரேக்கில் கை வைத்துக்கொண்டு மெதுவாக வருவான். கேட்டதும் படுத்துக்கொண்டு பறப்பான்.

சனிக்கிழமை அவன் மெட்டு வரைக்கும் மிதித்து ஏறினான். மேலே டீ குடித்தோம். இறங்கும்போது வழக்கம்போல நான் முன்னால், அவன் பின்னால். அவனுக்குப் பின்னால் சீனிச்சாமியின் ஜீப்பு, அதில் தோட்டத்து வேலை முடித்து வரும் பெண்கள். சைக்கிள் முன்னால் போகட்டும் என்று சீனிச்சாமி மேல் வளைவில் ஒதுங்கி நின்றிருக்கிறார்.

புலியூத்துக்குக் கீழே உள்ள வளைவில் ஒரு லாரி எதிரே வந்தது. காய்கறி லோடு. ரோட்டை முழுசாக எடுத்துக்கொண்டுதான் திரும்ப முடியும். நான் ஓரத்தில் ஒடுக்கி வழி விட்டேன். லாரிக்காரர் நன்றி சொல்லும் விதமாகக் கையைத் தூக்கிவிட்டு மேலே ஏறினார். நான் ஹாரனில் கை வைத்தேன்.

பழக்கத்தில் கை அழுத்திவிட்டது என்று அன்றைக்கு உங்களிடம் சொன்னேன். அது இல்லை. தோள்பட்டை எலும்பு உடைந்தால் போதும், கோயமுத்தூர் பயணம் நின்றுவிடும், அதற்கு மேல் நினைக்கவில்லை என்று வீட்டில் எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். அதுவும் இல்லை. அவன் கை பிரேக்குக்கு வர எவ்வளவு ஆகும் என்று இந்த உலகத்தில் தெரிந்த ஒரே ஆள் நான். லாரி எங்கே இருக்கிறது என்றும் எனக்குத் தெரியும். தெரிந்துதான் அடித்தேன். ஒரே நீட்டாக, கையை எடுக்காமல் அடித்தேன். மேலே பின்சக்கரத்தின் கிர்ரென்ற சத்தம் வேகம் பிடித்தது. அந்தச் சக்கரத்தின் பேரிங்கை வியாழக்கிழமைதான் மாற்றியிருந்தேன். நல்ல சத்தம்.

அந்த ஹாரனைக் கேட்டு சீனிச்சாமியும் ஜீப்பை எடுத்திருக்கிறார். வண்டி நிறையப் பெண்கள் இருப்பது எனக்கும் தெரியும். அப்போது அது ஞாபகத்தில் இல்லை. அவருக்குப் பிரேக் காலடியிலேயே இருந்தது, நின்றுவிட்டார். முபினின் கை பிரேக்குக்கு வருவதற்குள் லாரி வந்து மோதிவிட்டது.

நான் மேலே ஓடினேன். நான் ஓடக்கூடாது, ஆனாலும் ஓடினேன். கற்பகம் என்ற பெண் ஜீப்பிலிருந்து குதித்து முபின் தலையை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். "அண்ணே, இங்க வாங்கண்ணே, உங்களத்தான் பாக்குறாப்ல" என்று கூப்பிட்டாள். சீனிச்சாமி உங்களிடம் இதையும் சொல்லியிருப்பார் என்று நினைக்கிறேன். நான் உடனே போகவில்லை. சைக்கிள் ஓடையோரம் கிடந்தது. அதைப் போய் நிமிர்த்தினேன். சீட் கம்பியில் கீறல் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தேன். தடவி முடிப்பதற்குள் கற்பகம் அழ ஆரம்பித்துவிட்டாள்.

"நீட்டு ஹாரன் நீங்கதான அடிச்சீக?" என்று சீனிச்சாமி கேட்டார். நான் சைக்கிளைச் சாய்த்துவைக்க இடம் பார்த்தேன். அவரும் திரும்பக் கேட்கவில்லை.

முபினின் மையத்தை அடக்கம் செய்துவிட்டு வந்ததும் ஆலியா எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். மாத்திரையையும் எடுத்து வந்திருந்தாள். அழுதழுது அவளுக்குக் குரலே இல்லை. "நீங்க அலையாதீங்க, உங்க நெஞ்சு தாங்காது" என்றாள். வாங்கிப் போட்டுக்கொண்டேன். அவளிடம் சொல்ல வேண்டும் என்று ஒவ்வொரு நாளும் நினைக்கிறேன். நீங்கள் சொல்லிவிடுங்கள் சார். என்னால் முடியாது.

உங்கள் ஆட்கள் சைக்கிளை நன்றாகத்தான் சோதித்தார்கள். எந்தப் போல்ட்டும் தளரவில்லை, பிரேக் கட்டை புதுசு. அதில் குறை ஒன்றும் இல்லை. குறை இருந்தது அளவில். அதைக் காகிதத்தில் எப்படி எழுதுவீர்களோ, எழுதிக்கொள்ளுங்கள். முபினைக் கொன்றது நான். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். அவன் மேல் எனக்குத் துளிகூட வருத்தமில்லை. என் தம்பி மாதிரிதான் வைத்திருந்தேன், அவனுக்கு ஒன்றும் நான் குறை வைக்கவில்லை.

கேஸ் முடிய வருஷக்கணக்காகும் என்று தெரியும். அதுவரைக்கும் சைக்கிளை வெயிலில் போடாதீர்கள். முன்சக்கரமும் அதைத் தாங்கும் ஃபோர்க்கும் போய்விட்டன, அவை எங்கேயாவது கிடைக்கும். டாக்டர் என்னை நடக்கலாம் என்றுதான் சொல்லியிருக்கிறார். நடக்கிறவன் ஒருநாள் மிதிக்கவும் செய்வான். முபினுக்காக அடிவரைக்கும் இறக்கிய சீட் அப்படியே இருந்தது. உள்ளே வரும்போது வாசலில் நின்று போல்ட்டைத் தளர்த்தி நானே அதைத் தூக்கி வைத்துவிட்டேன். யாரும் அதைத் தொட வேண்டாம் சார், அது என் அளவு.