செவ்வாலுக்கு ஒரு முத்தம்

— ஆடாதீங்க சார். ஆடினா இன்னும் உள்ள ஏறும். எப்படி ஆச்சு, சொல்லுங்க.

— நீனு டாக்டர்...

— மீன்னு சொல்றார் டாக்டர். உதடு ஒட்டினாத்தானே அந்த எழுத்து வரும்? இவருக்கு உதட்டுலதானே தூண்டில் முள்ளு தொங்குது. நானே சொல்லிடறேன். என் வீட்டுக்காரர் மீனுக்கு முத்தம் குடுத்தார்.

— என்னது?

— முத்தம் டாக்டர். வாயோட வாய் வெச்சு. போட்டோவுக்கு. சீ, சொல்றப்பவே குமட்டுது. நான்தான் கார் ஓட்டிட்டு வந்தேன், நாலு ஜன்னலையும் இறக்கி விட்டுட்டு. காலையிலேர்ந்து ஒரு வாய் தண்ணி குடிக்க முடியல இவரால.

— சரி சரி. மரத்துப்போற ஊசி போடறேன் சார். கொஞ்சம் சுருக்குன்னு இருக்கும்.

— ஆ! வலிக்குது டாக்டர்!

— வலிக்குதா? கேளுங்க டாக்டர் இந்த அநியாயத்த. ஸ்கூல் ஸ்கூலா போய் இவர் பேசுவார். மீனுக்கு வாயில வலியே தெரியாதாம். முள்ளு ஏறுறது அதுக்குக் கொசு கடிச்ச மாதிரியாம்.

— ஏய், நீ கொஞ்சம் சும்மா இரு. அப்பாடா, மரத்துப்போச்சு, இப்ப உதட்ட ஒட்ட முடியுது. டாக்டர், அது வந்து, நான் மீனைக் கொல்றவன் இல்ல. பிடிப்பேன், ஆசையா பாப்பேன், திருப்பி ஆத்துலயே விட்டுடுவேன். இது செவ்வால் டாக்டர். இந்த ஒரு ஆத்த விட்டா வேற எங்கயும் கிடையாது. கண்ணுல படுறதே அதிசயம்.

— சாயங்காலம் இவங்க தூண்டில்காரங்க சங்கத்துல இவரைத் தலைவராக்கப் போறாங்க டாக்டர். மீனை நோகாம விடுறது எப்படின்னு பேசப் போறார். இந்த உதட்ட வெச்சுக்கிட்டு.

— அதுக்குள்ள வீக்கம் வடிஞ்சிடுமா டாக்டர்?

— வடியாது. வாயத் திறங்க. ம்... என்ன இது வழவழன்னு?

— மீன் வாய்க் கோழை டாக்டர். நானே இவருக்குச் சோப்பு போட்டுக் கழுவி விட்டேன், போகல. எனக்கு இது புதுசா? வாஷ்பேசின்ல செதில். ஃப்ரிட்ஜ்ல மண்புழு டப்பா. என் தம்பி கல்யாணத்துக்குன்னு கடை கடையா ஏறி ஒரு ஊதா நெயில் பாலிஷ் வாங்கினேன். ஒரு கைக்குத்தான் வெச்சேன். மிச்சத்தை எல்லாம் முள்ளுல கட்டுற நூல் முடிச்சு அவிழக்கூடாதுன்னு பூசித் தீத்துட்டார். இன்னொரு கையில பாலிஷே இல்லாமக் கல்யாணத்துல நின்னேன். தம்பி பொண்ணு இப்ப ப்ளே ஸ்கூல் போகுது. அந்தக் கலர் அப்புறம் கடைக்கு வரவே இல்ல.

— அத இன்னும் விடலியா நீ?

— எப்படி விடுவேன்? ஆனா ஒண்ணு டாக்டர், எவ்வளவு திட்டினாலும் ஒரு விஷயத்துல மட்டும் இவரை விட்டுக்குடுக்க மாட்டேன். அந்தக் கல்யாணம் முடிஞ்ச கையோட இதே மாதிரி ஒரு செவ்வால் மாட்டுச்சு. நாலு வருஷம் இருக்கும். ஹோட்டல்காரன் கரையிலயே நின்னு கேட்டான், குடுங்க குடுங்கன்னு. இவர் குடுக்கல. ஒரு கீறல் இல்லாம தண்ணியில விட்டார். அந்தப் போட்டோவை நானே ஃப்ரேம் போட்டு ஹால்ல மாட்டினேன். வீட்டுக்கு யார் வந்தாலும் முதல்ல அதத்தான் காட்டுவேன். இந்த மனுஷனோட குடித்தனம் பண்றதுக்கு எனக்கு இருக்கிற ஒரே பெருமை அது.

— சரிங்க. சார், இன்னிக்கு மாட்டின மீன் எப்படி இருந்துச்சு? கடிச்சதா?

— இல்ல டாக்டர். பாவம், அதுல ஒண்ணுமே இல்ல. என் கை நீளம் இருக்கும், ஆனா எலும்பும் தோலும். வாய் வேற ஒரு பக்கம் கோணிக்கிட்டு. ஏதோ சீக்கு போல.

— சீக்கு மீனுக்கா முத்தம் குடுத்தீங்க? த்தூ!

— அம்மா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. சார், உங்க முள்ளை அது வாயிலேர்ந்து எடுக்காமலே தூக்கிட்டீங்களா?

— எடுத்துட்டேன் டாக்டர், சத்தியமா. எடுத்துத் தொப்பியில குத்தி வெச்சுட்டுத்தான் தூக்கினேன். முத்தம் குடுக்கறப்ப தலைய ஒரு உதறு உதறுச்சு. சுருக்குன்னுச்சு. அது துள்ளி ஆத்துல விழுந்து போயிடுச்சு. உதட்டத் தடவிப் பாத்தா முள்ளு.

— தொப்பி எங்க?

— இதோ, இவர் தொப்பி என் கையிலதான் இருக்கு, நாத்தம் பிடிச்சது. ஆமா டாக்டர், முள்ளு இதுலயே இருக்கு. பளபளன்னு.

— அப்போ உதட்டுல இருக்கிறது?

— அது... தெரியல டாக்டர்.

— அசையாதீங்க. முனைய வெளிய தள்ளி, நுனிய வெட்டிட்டுத்தான் உருவணும். ம்... வந்துடுச்சு. அடேயப்பா, என்ன சார் இது, ஒரே துரு! பாசி வேற படிஞ்சிருக்கு. இன்னொரு ஊசியும் போட்டாகணும்.

— போடுங்க டாக்டர், போடுங்க. அத அப்படியே குப்பையில போட்டுடுங்க.

— இருங்க, கழுவிப் பாக்கறேன். மேல ஏதோ பெயிண்ட் மாதிரி இருக்கு. ஊதா.

— இங்க காட்டுங்க டாக்டர்.

— வெறுங்கையால தொடாதீங்கம்மா.

— இது என் நெயில் பாலிஷ்.

— ஏய், அது வந்து...

— என் தம்பி கல்யாணத்து நெயில் பாலிஷ்.

— அது வந்து... அன்னிக்கு அந்த மீனோட தாடை எலும்புல முள்ளு மாட்டிக்கிச்சு. இழுத்துப் பாத்தேன், வரல. சுத்தி எல்லாரும் போட்டோவுக்கு நிக்கறாங்க. நூலை மட்டும் அறுத்துட்டு விட்டேன். தானா துருப்பிடிச்சு உதிர்ந்துடும்னு நெனச்சேன்.

— உதிரல சார்.

— அதான் போட்டோவுல மீன் மூஞ்சியோட ஒரு பக்கத்தை மட்டும் காட்டிக்கிட்டு நின்னீங்களா?

— சாயங்காலம் வரைக்குமாவது வாயத் திறக்காதடி. உனக்குப் புண்ணியமா போகும்.

— காலையிலேர்ந்து உங்களால ஒரு வாய் தண்ணி குடிக்க முடியல. அது இத வாயில வெச்சுக்கிட்டு நாலு வருஷமா என்னத்தத் தின்னுச்சோ. சீ... கிட்ட வராதீங்க. போங்க, போய்ச் சொல்லுங்க உங்க சங்கத்துல. நீங்க அந்த மீனை விட்டது அன்னிக்கு இல்ல, இன்னிக்குக் காலையிலதான்னு.