கரையாத வில்லை

நூற்று அறுபத்தெட்டு மணி நேரம். ஒரு சின்ன வில்லை அவ்வளவு நேரம் சுடுநீரில் கரையாமல் கிடக்க வேண்டும். அந்தக் கெடு இரவு பத்து மணிக்கு முடிகிறது. ஒன்பதரைக்கு அரியலூர் ரோட்டில், மலர்கொடி அக்கா பஸ்ஸை விட்டுத் தனியாக இறங்கினாள்...

நம் சண்முகப்பிரியாவின் அக்காதான். கரண்ட் வரும்வரை அந்தப் பேய்க் கதையைச் சொல்கிறேன்.

அங்கிருந்து கல்லூரி கேட் அரை கிலோமீட்டர். இருபுறமும் பருத்திக் காடு. சுண்ணாம்புக்கல் லாரி எப்போதாவது ஒன்று போகும். அது போன பிறகு... இருட்டு மட்டும்தான்.

அக்காவின் ஆராய்ச்சி, அணுக்கழிவில் இருக்கும் அயோடின் பற்றியது. சூடு பட்டால் ஆவியாகிவிடும். தண்ணீர் பட்டால் கரைந்து ஓடிவிடும். அதில் ஒரு வகையின் வீரியம் பாதியாகக் குறையவே ஒரு கோடியே ஐம்பத்தேழு லட்சம் வருஷம் ஆகும். அதுவரை நிலத்தடி நீரில் கலக்காமல் எதற்குள்ளாவது பூட்டி வைக்க வேண்டும். அக்கா அதை எலும்புச் சாம்பலுக்குள் பூட்டி, மாத்திரை போல வில்லையாக அழுத்திப் பார்த்தாள். பரிசோதனைக்குக் கதிர்வீச்சு இல்லாத சாதாரண அயோடின். மாட்டெலும்பு சுட்டுக் கொண்டுவந்து தருவது லேப் உதவியாளர் கொளஞ்சி அண்ணன்.

இதற்கு முன் போட்ட வில்லைகள் எல்லாம் கரைந்துவிட்டன. இதுவும் கரைந்தால் ஆராய்ச்சியை விட்டுவிடச் சொல்லியிருந்தார் அவளுடைய வழிகாட்டி குருநாதன் சார். ஐந்து வருஷ உழைப்பு.

"லேப்ல பேயாடி? அதுக்கும் வெள்ளக் கோட்டு மாட்டி விட்டாங்களா?"

சிரிக்காதே, கீதாஞ்சலி. பேய் லேபில் இல்லை.

கேட்டுக்குச் சற்று முன்னால் ஒருவர் நின்றார். வேட்டி மட்டும். தலையிலிருந்து கால்வரை நனைந்திருந்தார். சித்திரை மாதம்... மழையே இல்லை.

"எப்பம்மா கரையும்?"

புது வாட்ச்மேன் போலிருக்கிறது, வில்லையைப் பற்றிக் கொளஞ்சி அண்ணன் ஏதோ சொல்லியிருப்பார் என்று அக்கா நினைத்தாள்.

"பாத்தாத்தாங்க தெரியும்" என்று சொல்லிவிட்டு வேகமாக நடந்தாள்.

லேபில் சூடேற்றும் ஓவன் மட்டும் ம்ம்ம்... என்று இரைந்துகொண்டிருந்தது. தொண்ணூறு டிகிரி. பாத்திரத்தைத் திறந்து, வில்லையை எடுத்து, உலர்த்தி, எடை போட்டாள். இம்மியும் குறையவில்லை. மறுபடி போட்டாள். அதே எடை. ஆளில்லாத லேபில் வாய்விட்டுச் சிரித்தாள்.

திரும்பி வந்தபோது அவர் அங்கேயே நின்றார். இப்போது வாசனை வந்தது. புண்ணுக்குத் தடவும் அயோடின் வாசனை.

அக்காவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"கரையலைங்க! லட்சக்கணக்கான வருஷமானாலும் கரையாதுங்க!"

அவர் தன் உள்ளங்கைகளைப் பார்த்தார். ரொம்ப நேரம்...

"அப்ப நான் எப்படிம்மா போறது?"

"கடைசி பஸ்ஸா? அது இன்னும் வரலைங்களே..."

அவர் விரல் நுனியிலிருந்து ஒரு சொட்டு அக்காவின் பாதத்தில் விழுந்தது. கொதிநீர். "ஆ" என்று குனிந்தாள். லாரி வெளிச்சம் ரோட்டை வழித்துக்கொண்டு போனது. நிமிர்ந்தால்... யாருமில்லை. பாதத்தில் கொப்புளம் மட்டும் எழும்பிக்கொண்டிருந்தது.

காலையில் கொளஞ்சி அண்ணன் லேபுக்கு டீ கொண்டுவந்தார்.

"புது வாட்ச்மேன் யாருண்ணே? எப்பக் கரையும்னு கேக்குறாரு."

"வாட்ச்மேனா? புதுசா யாரையும் போடலியேம்மா."

"ஒசரமா இருந்தாரு. வெள்ள மீச. உடம்பெல்லாம் தண்ணி சொட்டிச்சு."

அண்ணன் டீ டம்ளரை மேசையில் வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினார்.

"கரைஞ்சிடுச்சாம்மா?"

"இல்லண்ணே. கரையவே கரையாது."

அவர் வில்லை இருந்த பக்கம் திரும்பிக் கும்பிட்டார்.

"அவசரம்னு சொன்னீங்க... மாட்டெலும்பு கெடைக்கலம்மா. சுடுகாட்டுல எலும்புச் சாம்பலோட ஒரு கலயம் இருந்துச்சு. நீங்க சொன்ன அந்த வெள்ள மீசக்காரரோடதுதான். கொள்ளிடத்துல கரைக்கறதுக்குன்னு எடுத்து வச்சிருந்தாங்க."