இரண்டு துட்டிகளும் ஒரு வாய்மொழித் தேர்வும்

எதையும் முழுவதுமாக வாசித்த பிறகுதான் கையெழுத்திடுவேன். வேணி மேடம் இணையவழிச் சமூக உளவியல் வகுப்பின் விதிமுறைகளை அனுப்பிய அன்றே இரண்டு முறை வாசித்தேன். வகுப்பில் வேறு யாரும் வாசித்ததாகத் தெரியவில்லை. ஒழுங்குக் குழு கேட்டிருக்கும் விளக்கத்தை அங்கிருந்தே தொடங்குகிறேன்.

விதி ஆறின்படி, இறுதித் தேர்வில் ஒவ்வொருவரும் கேமராவை அணைக்காமல் பத்து நிமிடம் பேச வேண்டும். நான் வேதியியல் படித்தவள். அமிலத்தைக் கையாளப் பயமில்லை. ஆனால் பஸ்ஸில் "இறங்கணும்" என்று சொல்லக் கூச்சப்பட்டு, நிறுத்தம் தாண்டி இறங்கித் திரும்ப நடந்து வருபவள். இந்தத் தாளில் தேறினால் பாளையங்கோட்டையில் ஒரு பள்ளி ஆய்வகத்தில் வேலை காத்திருந்தது. பேசச் சொன்னால் தேற மாட்டேன்.

வீட்டில் இறப்பு நேர்ந்தால் பேச்சுக்குப் பதில் கட்டுரை தரலாம் என்கிறது விதி ஏழு. செய்தியை வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் தெரிவிக்க வேண்டும். இறப்பு உண்மையாக இருக்க வேண்டும் என்று எங்கும் இல்லை.

ஆகவே சிவசண்முகம் பெரியப்பா இறந்துவிட்டதாகப் பதிவிட்டேன். டவுணில் அவர் வீட்டில் தங்கித்தான் படிக்கிறேன். என் மேல் உயிராக இருப்பவர். பதிவிட்ட கையோடு அவருக்குக் காப்பி கொண்டுபோய்க் கொடுத்தேன். சர்க்கரை குறைவு என்றார். போட்டுக் கொடுத்தேன்.

ஆதாரமில்லாமல் நான் எதையும் செய்வதில்லை. கூட்டம் பெரிதானால், வேறு யாராவது பார்த்துக்கொள்வார்கள் என்று ஒவ்வொருவரும் சும்மா இருந்துவிடுவார்கள். இது நான்காம் பாடம். குழுவில் நாற்பது பேர் இருந்ததால், ஒருவரும் துட்டி கேட்க, அதாவது சாவு வீட்டில் துக்கம் விசாரிக்க, வரமாட்டார்கள் என்று நம்பினேன். பாடநூல் எழுதியவர் திருநெல்வேலிக்கு வந்ததில்லை போலும். இங்கே கல்யாணத்துக்குப் போகாமல் இருந்துவிடலாம். துட்டிக்குப் போகாதவர் தெருவில் நடக்க முடியாது.

மறுநாள் காலை வேன் நிறைய வந்தார்கள். சீவலப்பேரியிலிருந்து டவுண் பஸ் பிடித்து வந்தவர்களும் உண்டு. மேடம் பெரிய மாலையோடு வந்தார்.

துட்டி வீட்டில் யாரும் விசாரித்துக்கொண்டு நுழைவதில்லை. முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்து தரையில் உட்கார்ந்தார்கள். பெரியப்பாவை அவர்கள் முன்பின் பார்த்ததில்லை. வகுப்பிலேயே வயதில் மூத்த குமரவேல் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மனசத் தேத்திக்கோங்க அண்ணாச்சி. நம்ம கையில என்ன இருக்கு?"

பெரியப்பா என்னை அடுக்களைக்கு இழுத்தார். "ஏட்டி, யாருட்டி போயிட்டா? ஒருத்தரும் வாயத் தொறக்க மாட்டேங்காவ."

உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் மேடத்தின் காதில் விழுந்துவிடும். சாத்தான்குளத்தில் இருக்கும் சுந்தர் சித்தப்பாவின் பெயரைச் சொன்னேன். அவர் பகலில் போனை எடுப்பதில்லை என்பதைத் தவிர வேறு காரணமில்லை.

பெரியப்பா கூடத்தில் போய் விழுந்தார். "லே சுந்தரு, என்ன விட்டுட்டுப் போயிட்டியேலே."

மேடம் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார். "சுந்தர்னா யாரும்மா?"

"பெரியப்பாவ வீட்டுல கூப்பிடுத பேரு, மேடம்."

"பாடிய எங்கன வச்சிருக்கு?" என்றாள் என் தோழி நித்யா.

"சாத்தான்குளத்துலதாம்மா. நான் உடனே போணும்" என்று பெரியப்பாவே பதில் சொன்னார்.

"வேன் நிக்குல்லா அண்ணாச்சி, ஏறுங்க" என்றார் குமரவேல்.

சாத்தான்குளத்தில் சித்தப்பா வாசலில் உட்கார்ந்து மீசைக்கு மை பூசிக்கொண்டிருந்தார். பெரியப்பா அவரைப் பார்த்ததும் மயங்கிச் சாய்ந்தார். இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். இப்போது நலம். என்னோடுதான் பேசுவதில்லை.

"யாருக்குலே மாலை?" என்றார் சித்தப்பா. மேடம் என் பக்கம் திரும்பினார்.

"அப்ப செத்தது யாரும்மா?"

சொன்னேன். தெரு முழுக்கக் கூடி நின்றது. முதல் விதியிலிருந்து மீசை மை வரைக்கும், நிறுத்தாமல், குரல் நடுங்காமல் சொன்னேன். குமரவேல் போனில் படம் பிடித்தார். அந்தப் பதிவு பதினோரு நிமிடம் ஓடுகிறது. கேமரா ஒரு நொடிகூட அணைக்கப்படவில்லை.

எனவே விதி ஆறின்படி எனக்குரிய மதிப்பெண்ணை வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன். விதி ஒன்பதை நான் மீறியதாக உங்கள் கடிதம் சொல்வது மட்டும் வருத்தமளிக்கிறது. பிறர் எழுதியதை எடுத்தாள்வதைத்தான் அது தடுக்கிறது. இரண்டு சாவும் என் சொந்தக் கற்பனை.