கூட்டி வரப்படவில்லை

மாலை நாலு மணி. டிசம்பர் மாதம், அதற்குள் கும்மிருட்டு. ஸ்வான்ஸியிலிருந்து வடக்கே மலையேறும் சாலையில் ஒரே ஒரு கார்... சாரல் மழை. ஓட்டியவள் மெய்னிர், என் சிநேகிதி நெரிஸின் அண்ணி. இறந்து இரண்டு வருடமாகப் போகிற மகளுக்கு டாக்டரிடம் நேரம் கொடுத்திருந்தார்கள். அதற்குத்தான் போனாள்.

"ஆரம்பிச்சுட்டாய்யா! பேய்க்கு எதுக்கு டாக்டரு?" என்றான் ரொட்ரி.

"பயமா இருந்தா அம்மாவுக்கு போன் போடு. இல்லன்னா வாயை மூடிட்டுக் கேளு" என்றேன்.

பாட்டு ஒத்திகைக்கு வந்து, புயலில் தேவாலயக் கூடத்தில் மாட்டிக்கொண்ட ஆறு பேர் நாங்கள். கரண்ட் இல்லை. ஒரே ஒரு டார்ச். ரொட்ரி சத்தமில்லாமல் நாற்காலியைக் கிட்டே இழுத்துக்கொண்டான். நான் மேலே சொன்னேன்.

மெய்னிருக்கும் என் வேலைதான். ஒரே குழந்தைக்கு இரண்டு மூன்று தீராத நோய்கள் எப்படிச் சேர்ந்து வருகின்றன என்று நாடு முழுக்க உள்ள ஆஸ்பத்திரிப் பதிவுகளை வைத்துப் பார்ப்பது. பெயர் இருக்காது. ஒவ்வொரு பிள்ளையும் ஒரு எண். தெரிந்த பிள்ளையைத் தேடமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டுத்தான் உள்ளே போவோம்.

அவள் மகள் எலின். ஏழு வயது. வலிப்பு, சிறுநீரகக் கோளாறு, மூச்சிழுப்பு மூன்றும் இருந்தன. மூன்றுக்கும் மூன்று டாக்டர்கள். மெய்னிர் ஒரு நாள் தவறாமல் தூக்கிக்கொண்டு ஓடினாள். ஒரே ஒரு வியாழக்கிழமை, "இன்னிக்கு ஊசி வேணாம்மா" என்று பிள்ளை கெஞ்சியது. சரி போ என்று வீட்டிலேயே அடை சுட்டுக் கொடுத்தாள். நாலாம் நாள் எலின் போய்விட்டாள். அன்றைக்கு வந்திருந்தாலும் காப்பாற்றியிருக்க முடியாது என்று டாக்டர் சொன்னார். எந்தத் தாய் அதை நம்புவாள்? ராத்திரி முழுக்க அந்தச் சின்னக் கட்டிலோரம் உட்கார்ந்து, "கூட்டிட்டுப் போயிருக்கணும்டி... கூட்டிட்டுப் போயிருக்கணும்" என்று அழுவாள். தூக்கம் என்பது மாத்திரை போட்டால்தான்.

எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. இறந்த தேதிக்குப் பிறகு ஏதாவது பதிவு வந்தால் அது பிழை. அழித்துவிட வேண்டும். அழிக்கும் முன் ஒருமுறை பார்ப்போம். அப்படிப் பார்க்கும்போது ஒரு எண். வலிப்பு, சிறுநீரகம், இழுப்பு. மெய்னிர் தேடவில்லை... தேதிகள் தானாக வந்து கண்ணில் விழுந்தன. எந்தத் தேதியை அவள் மறந்தாள்?

இறந்த தேதிக்குக் கீழே மாதா மாதம் ஒரு வரி. வியாழன், நாலு நாற்பது, சிறுநீரகப் பிரிவு. கூட்டி வரப்படவில்லை. அடுத்த மாதம், கூட்டி வரப்படவில்லை. பதினேழு மாதம் இப்படியே. மற்ற இரண்டு பிரிவுக்கும் சாவுச் செய்தி போயிருக்கிறது, இதற்குப் போகவில்லை. கம்ப்யூட்டர் பாட்டுக்கு நாள் குறித்துக்கொண்டே இருந்திருக்கிறது. இதுவரை சரி.

பதினெட்டாவது வரி... வந்தாள். உடன் வந்தவர், யாருமில்லை. எடை பத்தொன்பது கிலோ.

அடுத்த மாதம். வந்தாள். யாருமில்லை. பதினேழு கிலோ.

அதற்கடுத்து. வந்தாள். யாருமில்லை. பதினாலரை.

"ஐயோ, மெலியுதா?" என்றாள் டார்ச்சைப் பிடித்திருந்த க்வென்னோ. ஆமாம். மெய்னிருக்கும் அதுதான் தாங்கவில்லை. பேய், பிசாசு என்றெல்லாம் அவள் நினைக்கவே இல்லை. என் பிள்ளை இருட்டில் தனியாக நடந்து போகிறது, சாப்பிடாமல் இளைக்கிறது... அவ்வளவுதான் நினைத்தாள். அடுத்து நேரம் குறித்திருந்த வியாழக்கிழமை கார் சாவியை எடுத்துவிட்டாள்.

போய்ப் பார்த்தால் அந்தக் கட்டடமே பூட்டிக் கிடந்தது. பிரிவை வேறு ஊருக்கு மாற்றி ஒரு வருடமாகிறதாம். வாசல் கூரைக்கடியில் ஒரு பெஞ்சு. உட்கார்ந்தாள். நாலு நாற்பது...

முதலில் வாசனை. வலிப்பு மருந்தின் வாசனை, தித்திப்பாக, ஸ்ட்ராபெரி மாதிரி. பிறகு பூட்டிய கதவுக்கு உள்ளேயிருந்து ஒரு சத்தம். சர்ர்ர்... ஷூவின் ஒட்டுப்பட்டையைப் பிரிக்கிற சத்தம். எடை பார்க்கும் முன் கழற்றச் சொல்வார்களே, அதுதான். இன்னொரு ஷூ. சர்ர்ர்... எடை எந்திரம் ஒருமுறை பீப் என்றது.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பிள்ளை ஏன் வருகிறது? ராத்திரி ராத்திரி நான் புலம்பியதைக் கேட்டுத்தானே வருகிறது? கதவில் நெற்றியை வைத்துக்கொண்டாள்.

"எலின்... அம்மாடா. அன்னிக்கு நாம வராதது தப்பே இல்லடா. உன் தப்பும் இல்ல, என் தப்பும் இல்ல. இனிமே நீ இங்க வர வேணாம் தங்கம். ஊசி வேணாம். அம்மா இனிமே அழமாட்டேன்."

அழுதுகொண்டேதான் சொன்னாள். இதைச் சொன்னால் மகள் மறுபடியும் போய்விடுவாள் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தே சொன்னாள்.

உள்ளே ஷூவை ஒட்டுகிற சத்தம். ஒன்று. கொஞ்சம் பொறுத்து இரண்டு. பிறகு மழை மட்டும்.

அடுத்த மாதம் அவள் மலையேறவில்லை. அந்த வியாழக்கிழமை மூன்று மணிக்கு வீட்டு சோபாவில் சாய்ந்தவள், மாத்திரை இல்லாமலே அசந்துவிட்டாள். இரண்டு வருடத்தில் முதல் தடவை. விழித்தபோது மணி ஏழு. வீட்டில் வேறு யாருமில்லை. அவளும் அப்போது யாரிடமும் சொல்லவில்லை, எனக்கே பிற்பாடுதான் சொன்னாள்.

அந்த மாதப் பதிவுகளைத் திறந்தது நான்தான். அந்த எண்ணுக்கு ஒரே ஒரு வரி. வியாழன், நாலு நாற்பது. ரத்து. ரத்து செய்தவர், நோயாளி. காரணம் என்ற கட்டத்தில் எங்களுக்கு எண் மட்டும்தான் வரும், எழுத்து வரவே வராது. அதில் எழுத்து இருந்தது...

"அம்மா தூங்குறாங்க. எழுப்பாதீங்க."